ரிசல்ட் வரட்டும், ரிசல்ட் வரட்டும் என்று எத்தனை வருஷம்?

கேள்வி கேட்ட தம்பி நிறைய எழுதியிருந்தார், மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 29. 2018-ல் மெக்கானிக்கல் முடித்து ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இரண்டரை வருஷம் வேலை. 2021-ல் அதை விட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்கு வந்து டி.என்.பி.எஸ்.சி.க்கு, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேலைத் தேர்வுகளுக்கு, உட்கார்ந்தார். குரூப் 4 மூன்று தடவை, குரூப் 2 இரண்டு தடவை எழுதியாகிவிட்டது, போன குரூப் 4 கொஞ்சத்தில் கைநழுவியது. அப்பா ஒன்று சொல்கிறார், மாமா ஒன்று சொல்கிறார், கூடப் படித்தவன் பெங்களூரிலிருந்து வேறொன்று சொல்கிறான். "என் வாழ்க்கை என் கையில இல்லாத மாதிரி இருக்கு. அதை எப்படி என் கைக்குக் கொண்டு வர்றது? தன்னம்பிக்கை வீடியோ எல்லாம் பார்த்துட்டேன், அது இல்லாம ஏதாவது சொல்லுங்க" என்பது கேள்வி.

வீடியோ வேண்டாம் என்று சொன்னதாலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவன்தான். 2008-லிருந்து 2013 வரை மதுரையில் அறை எடுத்துப் படித்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் பகலில் ஆடிட்டர் ஆபீஸ், சாயந்திரம் ஒரு சின்ன கோச்சிங் சென்டரில் கணக்கு வகுப்பு என்று ஒன்பது வருஷம் ஓடியது. (கிடைக்காதவன் வாத்தியாராவது இந்த ஊரில் ஒன்றும் புதுசு இல்லை.) இப்போது திண்டுக்கல்லில் சின்னதாக ஓர் அறை பிடித்து ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிற வேலை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாழ்க்கை இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், அப்பா கையிலும் இல்லை, மாமா கையிலும் இல்லை. தேர்வாணையத்தின் வருடாந்திர அட்டவணை கையில் இருக்கிறது. கல்யாணப் பேச்சை எப்போது எடுக்கலாம்? ரிசல்ட் வந்த பிறகு. கல்விக்கடன் பாக்கிக்கு பேங்கில் போய்ப் பேசுவது? ரிசல்ட்டுக்கு அப்புறம். வண்டியை மாற்றுவது, தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருப்பது, எல்லாம் அதற்கு அப்புறம். நான் பல் சொத்தையைக்கூட ரிசல்ட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று.

2022 குரூப் 2 எழுதியவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம் முதல்நிலைத் தேர்வு, 2023 பிப்ரவரியில் மெயின்ஸ், மெயின்ஸ் ரிசல்ட் வந்தது 2024 ஜனவரியில். இருபது மாதம். அந்த இருபது மாதமும் மனசு எதிலும் ஒட்டாது, ஏனென்றால் எதில் ஒட்டினாலும் ரிசல்ட் வந்துவிட்டால் அது வீண்தானே என்று தோன்றும். இதைச் சோம்பேறித்தனம் என்று ஊரில் சொல்வார்கள். சோம்பேறி ஒருவன் காலை எட்டு மணிக்கு நூலகக் கதவு திறக்கும்முன் டிபன் பாக்ஸோடு வந்து நிற்க மாட்டான். உழைப்பில் குறை ஒன்றும் இல்லை, எது வரைக்கும் உழைப்பது என்று மட்டும் யாரும் முடிவு பண்ணவில்லை.

இங்கேதான் நம் மாநிலத் தேர்வில் இருக்கிற ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும், இதைப் பலர் சலுகையாக மட்டுமே பார்க்கிறார்கள். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸில் பொதுப்பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, 32 வயது. ஓ.பி.சி.க்கு ஒன்பது வாய்ப்பு, 35 வயது. அதற்கு மேல் நீங்கள் விரும்பினாலும் எழுத முடியாது, கதவைச் சாத்திவிடுவார்கள். வலிக்கும், ஆனால் சாத்திவிடுவார்கள். நம் குரூப் 4-ல் இளநிலை உதவியாளர் வேலைக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் கேட்ட தகுதியைவிட மேலே படித்திருந்தால் உச்ச வயது வரம்பே கிடையாது. அதாவது அறுபது முடியாமல் இருந்தால் போதும். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் கணக்கில்லை. ஓய்வு பெறும் வயதும் அறுபதுதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். இந்த விதி நல்ல விதி, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் முப்பத்தெட்டு, நாற்பதில் உள்ளே போயிருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இதில் மறைந்திருக்கிற விஷயம் என்னவென்றால், 'போதும்' என்று உங்களிடம் சொல்கிற வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். ஆணையம் சொல்லாது. கோச்சிங் சென்டர் நிச்சயமாகச் சொல்லாது. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு பிள்ளையிடம்கூட நான் "போதும்ப்பா, வேற வேலையைப் பாரு" என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னால் அடுத்த மாசம் ஃபீஸ் வராது என்பது ஒரு காரணம், ஒருவேளை அடுத்த தடவை கிடைத்துவிட்டால் என்கிற பயம் இன்னொரு காரணம். யூடியூபில் எதிர்பார்க்கப்படும் கட் ஆஃப் போடுகிறவரும் சொல்ல மாட்டார்.

ஆகவே கடைசித் தேதியை நீங்கள்தான் போட வேண்டும். வாழ்க்கையைக் கையில் எடுப்பது என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் மொத்தமும் இதுதான், மிச்சமெல்லாம் அந்தத் தேதியை எப்படிப் போடுவது என்பதற்கான விவரம்.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். 2012-ல் ஒரு குரூப் 4-ல் மூன்று கேள்வியில் போனேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக நாலரை மார்க். உங்களுக்குத் தெரியும், கொஞ்சத்தில் போவதைப் போல ஆபத்து எதுவும் இல்லை. சுத்தமாக வராதவன் ஊருக்குப் போய்விடுவான். நாலரை மார்க்கில் போனவன் இன்னும் இரண்டு வருஷம் உட்காருவான். கட் ஆஃப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் ரேங்க் நகரும், அந்தக் 'கொஞ்சம்' உண்மையில் கொஞ்சமே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து மாட்டுக்குப் புதுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "முடிவு என்னப்பா ஆச்சு?" என்றார். "இன்னும் வரல, மார்ச்சுல வரும்னு சொல்றாங்க" என்றேன், அப்போது நான் எழுதியிருந்த இன்னொரு தேர்வை நினைத்து. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க முடிவைக் கேக்கல. உன் முடிவைக் கேட்டேன்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. இந்த மொழியில் ரிசல்ட்டுக்கும் முடிவு என்றுதான் பெயர், தீர்மானத்துக்கும் முடிவு என்றுதான் பெயர். ஐந்து வருஷமாக முதல் முடிவுக்காகக் காத்திருந்து இரண்டாவதை எடுக்காமலே விட்டிருந்தேன். படிப்பது என் முடிவா என்று கேட்டால், 2008-ல் அது என் முடிவுதான். அப்புறம் வருஷா வருஷம் அதை நான் திரும்ப எடுக்கவே இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, தேதி போடும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2025 ஜூலை குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். வகுத்தால் ஏறக்குறைய 290 பேருக்கு ஓர் இடம். இதில் பாதிப் பேர் படிக்காமல் சும்மா வந்து எழுதுகிறவர்கள் என்று நாங்கள் வகுப்பில் ஆறுதல் சொல்வோம், அது ஓரளவு நிஜமும்கூட. ஆனால் இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022-ல் 7,301 என்று அறிவித்து அப்புறம் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்த வருஷம் உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள், வரிசையில் நீங்கள் தானாக முன்னே வந்திருப்பீர்கள் என்று நினைக்கத் தோன்றும். வரிசையே அப்படி நகர்வதில்லை, ஒவ்வொரு வருஷமும் காலேஜ் முடித்த புதுக் கூட்டம் ஒன்று பின்னாலிருந்து வந்து முன்னால் நிற்கிறது.

அதனால் மார்க்கைப் பார்க்காதீர்கள், ரேங்கைப் பாருங்கள். மார்க் கேள்வித்தாளின் கடினத்தைப் பொறுத்தது, வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடவே முடியாது. ஒரு தாளில் மூன்று குரூப் 4-க்கும் உங்கள் கம்யூனல் ரேங்க் (உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் உங்கள் இடம்) என்ன, அந்தப் பிரிவில் எந்த ரேங்க் வரை சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி ஒவ்வொரு தடவையும் பாதியாகக் குறைந்துகொண்டு வந்தால் இன்னொரு தடவைக்கு நியாயம் இருக்கிறது. மூன்று தடவையும் அதே தூரத்தில் நின்றால், நான்காவது தடவையும் அங்கேதான் நிற்பீர்கள், நீங்கள் மக்கு என்பதால் அப்படி இல்லை, அதே புத்தகத்தை அதே முறையில் படிக்கிறீர்கள் என்பதால். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகத்தை ஐந்தாவது தடவை அடிக்கோடு போடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த 'தெரிந்த மாதிரி'தான் பிரச்சினை. பெரும்பாலான பிள்ளைகள் தமிழ் நூறு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், ஏனென்றால் அது சந்தோஷமாக இருக்கிறது. கணக்கு இருபத்தைந்து கேள்விக்கு பேனாவை எடுக்க வேண்டும், அது சந்தோஷமாக இருக்காது. நான் எடுத்த வகுப்பு அதுதான், அதனால் எனக்குத் தெரியும், கூட்டு வட்டி நடத்தும் நாளில் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும்.

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதே, விடை தெரியவில்லை என்று. தெரியாத கேள்வியைக் காலியாக விட முடியாது, தெரியாது என்பதையும் கறுப்புப் பேனாவால் நிரப்பித்தான் ஆக வேண்டும். மாதிரித் தேர்வில் அந்த வட்டத்தை நேர்மையாக நிரப்பும் பிள்ளைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். மற்றவர்கள் குத்துமதிப்பாக ஒன்றை நிரப்பி, அது சரியாகிப் போனால் தெரிந்த கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ரேங்க் தாளை அந்த வட்டத்தை நிரப்பும் மனசோடு எழுதுங்கள்.

அப்புறம் பணக் கணக்கு. வேலையை விட்டபோது கையில் மாசம் 17,000 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்து நான்கு மாதம். சம்பள உயர்வே இல்லாமல் பெருக்கினாலும் ஒன்பது லட்சத்துக்கு மேல். இதைச் சொல்லி உங்களைக் குத்த வரவில்லை, போனது போனதுதான், போனதை எடுக்கிறேன் என்று இன்னும் இரண்டு வருஷத்தைப் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்காருகிறவனைத் திட்டுகிற நாம், இதை விடாமுயற்சி என்கிறோம். மறுபக்கம் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500, அகவிலைப்படி சேர்ந்தால் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். நல்ல சம்பளம், நிச்சயமான சம்பளம். ஆனால் உங்கள் அப்பா மனசில் இருக்கும் அரசு வேலை 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர்களுடைய வேலை, பழைய ஓய்வூதியத்தோடு இருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் (சம்பளத்தில் மாசாமாசம் பிடித்துச் சேர்ப்பது) போட்டார்கள், அதை எதிர்த்து ஊழியர்கள் எத்தனை வருஷம் போராடினார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்பாவிடம் இதை ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், அவருடைய பிடிவாதத்தில் பாதி அந்தப் பழைய படத்திலிருந்து வருவது.

அடுத்தது, எந்தக் கதவு எப்போது சாத்தும் என்கிற வரிசை. இதை ஏன் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. நீங்கள் பி.சி. என்று எழுதியிருக்கிறீர்கள், மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் உங்கள் சாதி இருந்தால் ஓ.பி.சி. சலுகை உண்டு, ஆனால் அதற்கு இங்கே வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது, கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வரவில்லை என்று தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். பேங்க் கிளார்க் தேர்வுக்கு வயது 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருஷம் சேர்த்து 31. பேங்க் அதிகாரி வேலையான பி.ஓ.வுக்கு 30, சேர்த்து 33. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளிலும் பதவிக்குத் தகுந்த மாதிரி வயது வரம்பு இருக்கிறது. குரூப் 1-க்கு உங்கள் பிரிவுக்கு 39. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு வரம்பே இல்லை. இப்போது சொல்லுங்கள், 29 வயதுக்காரர் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும்? சீக்கிரம் சாத்துவதைத்தானே. நாம் எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறோம், என்றைக்கும் சாத்தாத கதவின் முன்னால் படுத்துக்கொண்டு, சாத்தப்போகும் கதவுகளைப் பார்க்காமல் விடுகிறோம். பேங்க் தேர்வில் ஆங்கிலம் வரும் என்பதுதான் உங்கள் பயம் என்று தெரியும். கிளார்க் தேர்வின் ஆங்கிலம் பயப்படுகிற அளவு இல்லை, நான்கு வருஷம் திறனறிவுக் கணக்கு போட்ட கை உங்களுக்கு இருக்கிறது. வேகம்தான் பழக வேண்டும், அது வேறு மாதிரித் தேர்வு.

இன்னொன்று, குரூப் 4-ஐயே இன்னொரு தடவை எழுதுவது என்று முடிவெடுத்தால் தட்டச்சு முடித்துவிட்டு எழுதுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர், அதாவது மேல்நிலை. தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் இடங்களுக்குப் போட்டி போடுகிறவர்கள் குறைவு, கட் ஆஃபும் இறங்கியே இருக்கும். ஆண் பிள்ளைகள் இதை ஏனோ மதிப்பதில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது, அருப்புக்கோட்டை பக்கம். கெட்டிக்காரி, ஆனால் மாதிரித் தேர்வில் வேண்டுமென்றே கவனம் இல்லாமல் எழுதுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "சார், எங்க அப்பா போன் பண்ணா என் மார்க்கைச் சொல்லாதீங்க. நல்லாப் படிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எதற்கு என்றேன். தேர்வுக்குப் படிக்கிற வரைக்கும் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க மாட்டார்கள், அதற்காகவே படிக்கிறேன் என்றார், கூச்சப்படாமல். நாலு வருஷமாகத் தேர்வை ஒரு தாழ்ப்பாள் மாதிரி போட்டு வைத்திருந்தார். நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே வீட்டில் உட்கார்ந்து, "எனக்கு ரெண்டு வருஷம் கல்யாணம் வேண்டாம், அதுக்கும் பரீட்சைக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். பெரிய சண்டை. மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சுருக்கெழுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்தார், அடுத்த தடவைக்கு அடுத்த தடவை சுருக்கெழுத்துத் தட்டச்சராக உள்ளே போனார். சண்டை போட்டதால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் தேர்வு தாழ்ப்பாளாக இருந்தவரை அவருக்கு அதில் தேர்ச்சி பெற வேண்டிய அவசியம் இருக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தால் போதுமாக இருந்தது. உங்களுக்கும் இது எதற்காவது தாழ்ப்பாளாக இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஒரகடத்து வேலைக்குத் திரும்புவதைத் தடுக்கிற தாழ்ப்பாளாக இருக்கலாம், நீங்கள் எழுதிய விதத்தில் எனக்கு அப்படித்தான் பட்டது.

அந்த வேலையைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தீர்கள், இரண்டிலும் கசப்பு. நைட் ஷிஃப்ட், ஒப்பந்தம், கத்துகிற சூப்பர்வைசர். சரி, அது மோசமான வேலையாகவே இருக்கட்டும். ஆனால் அரசு வேலை வேண்டும் என்பதும் அந்த வேலை வேண்டாம் என்பதும் வேறு வேறு ஆசைகள். இரண்டாவதுதான் நிஜம் என்றால் அதற்கு ஓசூர், கோயம்புத்தூர் என்று வேறு வழியும் இருக்கிறது, 290-ல் ஒருவனாக வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நடுவில் விட்டுப்போன வருஷங்களை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உள்ளபடி சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில்: "நாலரை வருஷம் அரசுத் தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை, இப்போது முழுநேரமாக வேலைக்கு வருகிறேன்." தமிழ்நாட்டில் இண்டர்வியூ எடுக்கிறவருக்கே ஒரு தம்பியோ மச்சானோ இதே நிலையில் இருப்பான், புரியாமல் போகாது. கதை கட்டினால்தான் மாட்டுவோம். சம்பளம் குறைவாகத் தொடங்கும், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். 2014-ல் ஆடிட்டர் ஆபீஸில் எனக்குக் கொடுத்தது 6,000. எனக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தது இருபத்திரண்டு வயசுப் பெண். பேங்கில் போட்ட பணத்தை கான்ட்ராவில் (ரொக்கத்துக்கும் பேங்குக்கும் நடுவில் நகரும் பணத்துக்கான பதிவு) போடாமல் ரசீதில் போட்டுவிட்டேன், "அண்ணா, காலேஜ்ல காமர்ஸ் படிச்சீங்கதானே?" என்று மெதுவாகத்தான் கேட்டது அந்தப் பிள்ளை. இந்திய அரசியலமைப்பில் எத்தனை அட்டவணை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஒரு வவுச்சர் போடத் தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த மாசம் ஏழாம் தேதி அந்த ஆறாயிரத்தைக் கையில் வாங்கியபோது, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த மாசம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "என்னப்பா செய்யட்டும்?" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் மாமாவிடம் கேட்பார், மாமா ஜோசியரிடம் கேட்பார், சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்று பதில் வரும். தேதியோடு போங்கள். "இன்னும் ஒரு குரூப் 4, நடுவில் வருகிற பேங்க் தேர்வு ரெண்டு எழுதுறேன். அதுவரைக்கும் காலையில பாதி நாள் வேலைக்குப் போறேன், வீட்டுல பணம் கேக்க மாட்டேன். இன்ன தேதிக்குள்ள கிடைக்கலைன்னா முழுநேர வேலை, அதுக்கப்புறம் இதைப் பத்தி யாரும் பேச வேண்டாம்." இவ்வளவுதான். எழுதி வைத்துக்கொண்டு சொன்னாலும் தப்பில்லை. அவர் கத்தலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். விவசாயம் பார்க்கிறவர், ஒரு போகம் பொய்த்தால் அடுத்ததுக்கு எப்போது விதைப்பது என்று தேதி பார்க்கிறவருக்கு இந்தப் பேச்சு புரியாமல் போகாது.

பாதி நாள் வேலை படிப்பைக் கெடுக்கும் என்பீர்கள். கெடுக்காது. நூலகத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறவன் ஐந்து மணி நேரம்கூடப் படிப்பதில்லை, மிச்சம் டீக்கடையில் நோட்டிஃபிகேஷன் எப்போது வரும் என்கிற பேச்சில் போகும், நானே அந்தப் பேச்சின் தலைவனாக இருந்தவன். ஊரில் ஒரு டியூஷன், ஒரு ஒர்க்‌ஷாப்பில் கணக்கு, எதுவாகவும் இருக்கட்டும். கையில் நாலு காசு வந்தால் தேர்வு அறையில் உட்காரும்போதே தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

தேதி முடிந்த பிறகு தேர்வே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வயது வரம்பு இல்லாத விதியின் அழகே அதுதான். முப்பத்தைந்தில், வேலையில் இருந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போய் எழுதிவிட்டு வாருங்கள், வந்தால் வரட்டும். நான் இப்போதும் எப்போதாவது எழுதுகிறேன், பழக்கதோஷம். அதற்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பதுதான் முடிய வேண்டும்.

ஆணையம் போதும் என்று சொல்லாது என்றேன், ஆனால் சின்னதாக இரண்டு மணி அடிக்கும். பி.சி., எம்.பி.சி.க்குத் தேர்வுக் கட்டணச் சலுகை மூன்று தடவைதான், அது தீர்ந்த பிறகு குரூப் 4-க்கு நூறு ரூபாய் கேட்கும். இரண்டாவது, ஆணையத்தின் இணையதளத்தில் செய்கிற ஒருமுறைப் பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், அப்புறம் 150 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் 2021-ல் பதிவு செய்திருந்தால் 2026-ல் காலாவதி. புதுப்பிக்கச் சொல்லித் திரையில் வரும், அப்போது பழக்கத்தில் பட்டனை அழுத்தி ஜிபேயில் கட்டிவிடாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த ரேங்க் தாளை எடுங்கள், மூன்று வரிசையையும் பாருங்கள், கீழே ஒரு தேதி எழுதுங்கள். அதை அப்பாவிடம் காட்டிவிட்டு வந்து, அப்புறம் கட்டுவதா வேண்டாமா என்று பாருங்கள்.